சோம்நாத் சட்டர்ஜியை நினைக்கிறேன்

2008 ஜூலை 22, மன்மோகன் சிங் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. பாஜக எம்.பி.க்கள் மூன்று பேர், தங்களுக்குத் தரப்பட்ட லஞ்சம் என்று சொல்லி, கட்டுக்கட்டாக ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து மக்களவை மேசைமேல் வைத்தார்கள். ஒரே கூச்சல். சபாநாயகர் சோம்நாத் சட்டர்ஜி அவையை ஒத்திவைத்தார். அப்புறம் மறுபடி கூட்டி, அன்று இரவே வாக்கெடுப்பை நடத்தி முடித்தார்.

ஆனால் நான் அவரை மதிப்பது அதற்காக மட்டும் இல்லை. அவருடைய கட்சி அரசை எதிர்த்தது; பதவி விலகச் சொல்லி அவரை நெருக்கியது. சபாநாயகர் நாற்காலியில் இருப்பவர் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை என்று உறுதியாக நின்றார். மறுநாளே மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. 1968 முதல் அவர் இருந்த கட்சி அது! எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.