தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பாடம்

நம் பள்ளியின் நினைவு மலருக்கு ஆசிரியர்களைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். அதற்கு என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். எனக்கு நன்றாக நினைவில் நிற்பது நம் பள்ளியின் சத்தம்தான்.

1960இல் பர்மாவில், ரங்கூனில் இருந்த நம் தமிழ்ப் பள்ளியில் நான் முதல் வகுப்பில் சேர்ந்தபோது மாடி முழுக்க ஒரே நீளக் கூடம். பலகைத் தரை, தகரக் கூரை. வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது, ஆள் உயரத்துக்கு மூங்கில் தட்டி மட்டும். அது கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. இந்தப் பக்கம் நாங்கள் பர்மிய எழுத்துகளைக் கத்திக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று வாய்ப்பாட்டில் இருக்கும். யார் சத்தம் பெரியது என்று போட்டி வேறு. அடுத்த ஆண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தபோது பத்தாம் வாய்ப்பாடு வரை எனக்கு வாய்க்கு வந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பர்மிய எழுத்து 33. எங்கள் சயாமா, அதாவது பர்மிய ஆசிரியை, அவற்றைக் கரும்பலகையில் எழுதும் முன்பே வாயால் பாட வைத்துவிடுவார். ககீ, ககுவே, கஙே, ககீ, ஙா. வீட்டில் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதி வைத்துக்கொள்ளப் பார்த்தால், முதல் நான்குக்கும் நம்மிடம் இருப்பது ஒரே க! தமிழ் வாத்தியாரிடம் கேட்டோம். "காதால் கேட்டுக்கோடா, அதுக்குத்தானே ரெண்டு காது" என்றார்.

அந்த எழுத்துகளின் பெயரே பாதிப் பாடம். ஒன்று தொப்பை போட்ட த, ஒன்று யானைக்கால் விலங்கு போட்ட த, ஒன்று தொப்பி வைத்த ப, கூன் விழுந்த ப இன்னொன்று. மல்லாந்து படுத்திருக்கும் ய ஒன்று உண்டு. சயாமா பெயரைச் சொன்னதும் சிலேட்டில் அந்த உருவத்தைப் போட வேண்டும். உகரக் குறிக்கு 'ஒரு குச்சி இழு', ஊகாரத்துக்கு 'ரெண்டு குச்சி இழு' என்று பெயர். எழுதும் முறையே பெயராக இருந்ததால் சிலேட்டில் பலப்பம் தானாக ஓடியது. இன்றைக்கு மனப்பாடக் கல்வி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். அவர்களில் பலர் இப்படி ஒரு மனப்பாடத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எண்ணுவதுதான் தகராறு. பர்மியத்தில் வெறுமனே ஒன்று, இரண்டு என்று சொல்லி நிறுத்த முடியாது. எண்ணுவது மனிதரா, விலங்கா, உருண்டைப் பொருளா என்பதைப் பொறுத்து எண்ணுக்குப் பின்னால் ஒரு சொல் ஒட்டும். ஆளுக்கு 'யௌ', பிராணிக்கு 'கௌங்', உருண்டைக்கு 'லோன்', பிக்குகளுக்கு 'பா', பகோடா என்கிற புத்தக் கோபுரத்துக்கு 'சூ'. ஒரு நாள் சயாமா எங்களை வகுப்பறையில் உள்ளவற்றை எண்ணச் சொன்னார். பானை, பெஞ்சு, பிள்ளைகள் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் தட்டியோரம் வந்து நின்றார். என் பக்கத்தில் இருந்தவன் சட்டென்று அவரை 'கௌங்' போட்டு எண்ணிவிட்டான். தலைமையாசிரியருக்கு பர்மியம் நன்றாகத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். சயாமா மேசைக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

கணக்கில் இன்னொரு கூத்து உண்டு. எங்கள் கணக்குப் புத்தகம் சென்னையிலிருந்து வந்த பழைய தமிழ்ப் புத்தகம். அதில் ஒரு வீசைக்கு 40 பலம். ரங்கூன் கடைத்தெருவிலும் வீசைதான், ஆனால் அங்கே ஒரு வீசைக்கு 100 டிக்கல். புத்தக வீசை சுமார் 1.4 கிலோ, கடை வீசை 1.63 கிலோ. அம்மாவோடு சந்தைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு விடை வந்தது, புத்தகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு வேறு விடை வந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வாத்தியார் எல்லோரையும் அடக்கிவிட்டு, "பரீட்சைக்குப் பலம், கடைக்கு டிக்கல்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் திருப்தி கிடையாது. இரண்டும் ஏன் வேறு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது மழைக்காலமும் தொடங்கிவிடும். தகரக் கூரையில் மழை இறங்கினால் எந்த வகுப்புச் சத்தமும் எந்த வகுப்புக்கும் கேட்காது. அன்றைக்குப் பேச்சு கிடையாது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மட்டும்தான். எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தால் சரஸ்வதிக்கு ஆகாது என்று தமிழ் வாத்தியார் திட்டுவார். மழையில் அவர் திட்டுவதும் கேட்காது.

இடைவேளை பற்றிச் சொல்லாவிட்டால் என் வகுப்புத் தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள். அத்தோ நூடுல்ஸ், சமோசாவை வெட்டிப் போட்டுக் கலக்கும் சமோசா தோ, சிங்கம் போட்ட பியா சில்லறைக் காசு. அவ்வளவு போதும். எழுத ஆரம்பித்தால் பசி வந்துவிடும்.

வீட்டுக்கு சைக்காவில் போவோம். சைக்கிளின் பக்கத்தில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு பேர் உட்காரும் வண்டி. நாங்கள் நாலு பேர் ஏறுவோம். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவன் போகிற தெருவைப் பார்க்க முடியாது, கடந்த தெருவைத்தான் பார்ப்பான். ஃபிரேசர் தெருவில் காளி கோயில் வந்ததும் முன்னால் இருப்பவன் சொல்வான், பின்னால் இருப்பவர்கள் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பிறகு வந்ததை எல்லோரும் அறிவார்கள். 1962 மார்ச்சில் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் பணத்தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தனியார் பள்ளிகளை அரசு எடுக்கத் தொடங்கியது. எங்கள் பலகையில் இருந்த தமிழ்ப் பெயர் போய் ஓர் எண் வந்தது. தட்டிகள் அப்படியே இருந்தன, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மொழி. காலையில் புத்த மதத்து மங்கல சூத்திரத்தின் 38 மங்கலங்களை எல்லோரும் சேர்ந்து சொன்னோம். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தமிழ் மாலை நேரத்தில் கோயிலுக்கு இடம் மாறியது. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு வகுப்பு. ஐந்து வயதுப் பிள்ளையும் பதினொரு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆத்திசூடி சொன்னோம். சின்னவர்கள் எங்களைவிட வேகமாகக் கற்றார்கள். அவர்களுக்கு மூங்கில் தட்டிகூட இல்லை, எல்லாப் பாடமும் நேராகக் காதில் விழுந்தது.

1967இல் கப்பலில் சென்னை வந்தோம். 1964க்குப் பிறகு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படிக் கிளம்பியவர்கள்தான். சான்றிதழ் பர்மியத்தில் இருக்கிறது, எங்களால் படிக்க முடியாது என்று சொல்லி ஒரு பள்ளியில் என்னை ஒரு வகுப்பு கீழே போட்டார்கள். நானே படித்துக் காட்டுகிறேன் என்றேன். ஏற்கவில்லை. அங்கே வாத்தியாரைக் கடந்து போகும்போது பழக்கத்தில் குனிந்து நடப்பேன். "முதுகு வலியாடா?" என்று கேட்டுப் பையன்கள் சிரிப்பார்கள். கைகட்டி நிற்பது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருந்தது, பிழைத்தேன். அந்தப் பள்ளியில் கெட்டியான செங்கல் சுவர். பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. எனக்கு அந்த அமைதி பிடிபட ஓர் ஆண்டு ஆயிற்று.

மலர்க் குழுவினர் பழைய ஆவணங்களும் கேட்டிருந்தார்கள். 1961 முதல் 1965 வரையிலான வகுப்புப் புகைப்படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். என்னிடம் இருப்பது நாலாம் வகுப்பு ரிப்போர்ட் ஒன்றுதான். அதில் கணக்கு மார்க் இருந்த மூலையைக் கப்பலில் எலி தின்றுவிட்டது. அப்படித்தான் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.