பேச்சுரிமைத் தீர்ப்புக்குச் சுருக்கம் எழுதும்போது

ஜூனியர் வழக்கறிஞர்கள் எழுதிவரும் தீர்ப்புச் சுருக்கங்களில் பாதிக்கு மேல் வழக்கின் சங்கதிகளே இடம்பிடித்திருக்கும். பேச்சுரிமை வழக்கில் அது பெரும்பாலும் வீண். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் (2015), ஃபேஸ்புக் பதிவுக்காக 2012இல் மகாராஷ்டிரத்தில் இரண்டு இளம்பெண்கள் கைதானதை விரிவாக எழுதிவிடுவார்கள். ஆனால் அது தண்டனையை எதிர்த்த மேல்முறையீடு அல்ல. அரசமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ், அடிப்படை உரிமைக்காக நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ரிட் மனு. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லுமா என்பதே கேள்வி. சங்கதிகளுக்கு நான்கு வரி போதும்.

மிச்சமாகும் இடத்தை எழுவினாவுக்கு, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விக்குக் கொடுங்கள். ‘66ஏ பேச்சுரிமையை மீறுகிறதா?’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிறகு எதற்கும் உதவாது. அரசமைப்பின் 19(2) உறுப்பு எட்டுக் காரணங்களுக்காக மட்டுமே பேச்சைக் கட்டுப்படுத்த விடுகிறது. அவற்றில் அரசு எதைப் பிடித்துக்கொண்டு வாதாடியது என்பதை எழுவினாவிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வழக்கில் பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், நாகரிகம் அல்லது ஒழுக்கம் ஆகிய நான்கு.

66ஏயை ரத்துசெய்ய நீதிமன்றம் சொன்ன காரணங்களை எழுதும்போதுதான் நிதானம் வேண்டும். அந்தப் பிரிவிலிருந்த ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ போன்ற சொற்களுக்கு எல்லையே இல்லை என்பது ஒரு காரணம். விவாதிப்பதும் ஒரு கருத்தை ஆதரித்துப் பேசுவதும் உரிமை, அது தூண்டுதலாக மாறும்போதுதான் 19(2) குறுக்கிட முடியும் என்பது வேறொரு காரணம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடாதீர்கள். நாளை, சொற்கள் தெளிவாக அமைந்த ஒரு சட்டத்தை எதிர்க்க நேர்ந்தால் முதல் காரணம் கைகொடுக்காது, இரண்டாவதுதான் கொடுக்கும்.

முடிவை ‘66ஏ ரத்து’ என்று ஒரே வரியில் முடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அதே சட்டத்தில், இணையத் தகவல்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ செல்லும் என்றது நீதிமன்றம். பிறர் பதிவுகளைத் தாங்கும் இணைய நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய 79(3)(பி) பொருள் சுருக்கப்பட்டு நிலைத்தது. பிறருக்கு எரிச்சலூட்டுவதைக் குற்றமாக்கிய, கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) ரத்தானது. இணையப் பேச்சுக்கெனத் தனிக் குற்றம் வகுப்பது சமத்துவ உரிமை தரும் 14ஆம் உறுப்புக்கு முரண் என்ற வாதம் எடுபடவில்லை. எதிர்த்தரப்பு வாசித்துக் காட்டப்போவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதனால் மனுதாரர் தோற்ற இடங்களையும் பத்தி எண்ணுடன் குறியுங்கள். பக்க எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும்.

அடுத்து, தீர்ப்புக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். ரத்தான 66ஏயின்கீழ் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவையும் சுருக்கத்தின் அடியில் சேர்த்துவிடுங்கள். பழைய வழக்கொன்றை முடித்துவைக்கக் கோரும் மனுவில் முதலில் இணைக்க வேண்டியது அதுதான்.