வீட்டில் இல்லாத கரண்ட் காரில்

மியான்மரின் யாங்கோனில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் எப்போது வரும் என்று தெருமுனைப் பிள்ளையாருக்கே தெரியாது. அப்படிப்பட்ட தெருவில் என் கொரோலாவுக்கு மட்டும் கரண்ட் மிஞ்சிவிட்டது. வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

முதலில் ஹெட்லைட். கல்யாண வீடு மாதிரி எரிந்தது. 93 மாடலில் இப்படி ஒரு வெளிச்சம் எவனிடம் இருக்கிறது என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டேன். "எல்லாம் பீலிக்கான் முனீஸ்வரருக்குப் பூஜை போட்ட பலன், மாப்பிள்ளை" என்றார் அத்தை. அந்த வாரமே இடது பல்ப் போனது. அடுத்த வாரம் வலது. அப்புறம் நம்பர் பிளேட் விளக்கு. 1970-லிருந்து சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. முன்னால் போகிற பஸ்ஸை முந்த வேண்டுமானால் இடது சீட்டில் இருக்கும் என் மனைவிதான் கழுத்தை நீட்டி "வாங்க, வாங்க… ஐயோ வேணாம்" என்று சொல்ல வேண்டும். இருட்டில் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு வாடை. அழுகின முட்டை வாடை. "அம்மா, டிக்கியில ஙாப்பி பாட்டிலைக் கொட்டிட்டியா?" என்றாள் மனைவி. ஙாப்பி என்பது இந்த ஊர் மீன் விழுது. அத்தைக்கு வந்ததே கோபம். "ஙாப்பி வாடை எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை பள்ளத்துல விட்டாரே, அன்னைக்கு உடைஞ்ச முட்டைடீ இது." தண்ணீர் மோட்டார் ஓடாத நாளில் நாலு வாளி சுமந்து டிக்கியைக் கழுவினேன். ஙாப்பியும் இல்லை, முட்டையும் இல்லை. பானட்டைத் திறந்தால் பேட்டரி இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. மூடியைத் திருகிப் பார்த்தால் தண்ணீர் வற்றித் தகடு தெரிகிறது. டெர்மினல் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோதான் போச்சு என்று நானே தீர்ப்பெழுதி, பழைய டைனமோ ஒன்றுக்கு விலையும் பேசிவிட்டேன். மெக்கானிக் சயா (பர்மிய மொழியில் வாத்தியார்) வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவசரப்படாதே" என்றார். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் மீட்டர் 12.5 வோல்ட். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். 16.2. பதினாலரை தாண்டக் கூடாதாம். அப்புறம் டைனமோ பிளக்கைக் கழற்றாமலே, பின்பக்கமாக எஸ் வயரில் ஊசியை நுழைத்தார். அங்கே 14.3!

பேட்டரி நிறைந்துவிட்டதா என்று டைனமோவுக்குள் இருக்கும் ரெகுலேட்டருக்குச் சேதி சொல்வது அந்த வயர்தான். நடுவில் எங்கோ இரண்டு வோல்ட் காணாமல் போக, 'பிள்ளை இன்னும் பசியாத்தான் இருக்கு' என்று ரெகுலேட்டர் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குச் சட்டென்று மொய்ங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸை ஊற்றும் அத்தையின் கரண்டி ஞாபகம் வந்தது.

சயா அந்த வயரைத் தொட்டுக்கொண்டே போய் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு சின்ன ஃபியூஸின் காலில் பச்சைக் களிம்பு. அதைச் சுற்றிக் காய்ந்த மஞ்சள்.

"இது என்ன மஞ்சள்?" என்றார்.

அவரிடம் என்ன சொல்வது? பூஜை அன்று எல்லோரும் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது, அத்தை மட்டும் பானட்டைத் திறக்கச் சொல்லி, "வண்டியோட உசுரு இங்கதானே இருக்கு" என்று மீதமிருந்த ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அப்படியே ஊற்றினார். மூடியும் சரியாக மூடாத பெட்டி.

உப்புத்தாளால் சுரண்டி, புது ஃபியூஸ் போட்டு, பேட்டரிக்குத் தண்ணீர் விட்டார். ஆக்சிலரேட்டரை மிதித்தேன். 14.2. பேசி வைத்த டைனமோக்காரர் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

"என்னதான் கோளாறாம்?" என்று கேட்டார் அத்தை. மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஒரு ஃபியூஸ், அத்தை. வேறொண்ணும் இல்லை."

"திருஷ்டிதான். வர்ற வெள்ளிக்கிழமை பீலிக்கான் போய் இன்னொரு பூஜை போட்டுருவோம்."

சரி என்றேன். ஃபியூஸ் பெட்டிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பானட் லிவரைக் கழற்றி வைக்க முடியுமா என்று சயாவிடம் கேட்க வேண்டும்.