அகமதாபாத் மொட்டை மாடியில் ஒரு பொங்கல்

எனக்கு விடுமுறை என்றால் வீட்டில் இருப்பது. என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விடுமுறை என்றால் வீட்டைவிட்டுக் கிளம்புவது. கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் இருக்கும் நான், சாயப்பட்டறைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஓடும் பம்புகளைக் கவனிப்பதற்காக மாதத்தில் 12 முதல் 15 நாட்கள் வெளியூரில் கழிக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறியே தீர வேண்டிய கட்டாயம் எங்கள் பகுதிக்கு வந்தது. அன்று வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட தொழில்தான் இன்று என்னைக் குஜராத்துக்கும் வங்கதேசத்துக்கும் அலைய வைக்கிறது. வெள்ளிக்கிழமை நள்ளிரவில் பெட்டியோடு வீடு திரும்புகிறவனிடம், சனிக்கிழமை காலையில் இன்னொரு பெட்டியை எடுத்து வைத்து "எங்கே போகலாம்?" என்று கேட்டால், அவன் முகம் எப்படிப் போகும் என்பதை ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

அலுவல் பயணத்தையும் குடும்பப் பயணத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால் என்ன என்று 2023 மே மாதம் எனக்குத் தோன்றியது. ஐதராபாத்துக்கு வெளியே ஓர் ஆலையில் இரண்டு நாள் வேலை இருந்தது. அதன் பிறகு மூன்று நாள் ஊர் சுற்றலாம் என்று கணக்குப் போட்டு எல்லோரையும் கூடவே அழைத்துச் சென்றேன். போன இடத்தில் ஒரு பம்பின் மெக்கானிக்கல் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் வெளியேறாமல் தடுக்கும் பாகம், கசிந்தது. மாற்றிய சீலும் மறுநாளே கசிந்தது. தண்டும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று கண்டுபிடித்துச் சரிசெய்து முடித்தபோது நான்கு நாட்கள் போயிருந்தன. அந்த நான்கு நாட்களும் என் குடும்பம் ஓட்டல் அறையில் தொலைக்காட்சி பார்த்தது. பொறுமை இழந்து ஒரு வாடகைக் காரில் தாங்களாகவே கோல்கொண்டா கோட்டைக்குப் போய் வந்தது. நுழைவாயிலில் கை தட்டினால் உச்சியில் இருக்கும் மண்டபத்தில் கேட்கும் என்பதை என் மகன் அன்று இரவு பாதி உறக்கத்தில் இருந்த எனக்கு விளக்கினான். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இது உங்க டூரா, எங்க டூரா?"

அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பதில், நான் சற்றும் எதிர்பாராமல், அகமதாபாதில் ஓர் ஓட்டல் அறையில் கிடைத்தது. 2024 ஜனவரியில் நாரோல் பகுதியில் இருக்கும் ஒரு சாய ஆலைக்குப் போனவன், வேலை முடியாமல் 14, 15 ஆகிய இரண்டு நாட்களும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஆலை பூட்டிக் கிடந்தது. கடைகளில் பாதி திறக்கவில்லை. யாரும் கைபேசியை எடுக்கவில்லை. தை முதல் நாளை நாம் பொங்கலாகக் கொண்டாடுவது போல, குஜராத்திகள் ஜனவரி 14ஆம் தேதியை உத்தராயணம் என்றும் 15ஆம் தேதியை 'வாசி உத்தராயண்', அதாவது பழைய உத்தராயணம் என்றும் கொண்டாடுகிறார்கள். இரண்டு நாட்களும் மாநிலமே மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். ஊரில் பொங்கலைத் தவறவிட்ட எரிச்சலில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணக்கில் எங்கே பிழை என்று எனக்கு உறைத்தது. மேலதிகாரி விடுப்பு தருவதில் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் விடுப்பில் இருந்தால்தான் எனக்கு விடுப்பு.

ஆகவே 2025 பொங்கலுக்குக் குடும்பத்தோடு அகமதாபாத் என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்று எழுதிவிட்டேனே தவிர, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான்கு மாடுகளோடு இருக்கும் என் அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பொங்கலைவிடப் பட்டிப் பொங்கல்தான் பெரிது. அதைத் தவறவிடுவது கிட்டத்தட்டக் குற்றம். "பட்டிப் பொங்கலுக்கு ஆளில்லாட்டி மாடுக என்ன கண்ணு நெனைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஆனால் எங்கள் பெட்டியில் ஒரு படி பச்சரிசியும் அரைக்கிலோ அச்சு வெல்லமும் ஏறின.

திட்டத்தில் மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருந்தேன். முதலாவது, நான் முன்னதாகவே போய் வேலையை முடித்துவிடுவது, முடிந்த பிறகே அவர்கள் விமானம் ஏறுவது. சாய ஆலைகளில் பம்பைக் கழற்றி வேலை செய்ய ஞாயிற்றுக்கிழமையே தோதான நாள் என்பதால், 12ஆம் தேதி இரவு பத்து மணிக்குக் கடைசி பம்பையும் ஓடவிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அடுத்தது, அலுவலகம் எடுத்துக் கொடுத்த ஓட்டலிலேயே குடும்பத்தைத் தங்க வைக்காமல், 13ஆம் தேதி காலையில் அதைக் காலி செய்து வேறு ஓட்டலுக்குப் போய்விட்டது. கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் ரசீதில் குழப்பம் வராது என்பது ஒரு காரணம். அந்தப் பழைய அறைக்குள் நுழைந்தாலே என் கை தானாகச் சார்ஜரைத் தேடுகிறது என்பது உண்மையான காரணம். மூன்றாவது, மடிக்கணினியை உடன் வந்த சக ஊழியரிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டது. கைபேசியை அனுப்ப மனம் வரவில்லை. அதன் பலனைப் பிறகு சொல்கிறேன். பயணச்சீட்டு விஷயத்தில் ஓர் எதிர்பாராத லாபம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் தமிழ்நாட்டுக்குள் வருவார்கள், பொங்கல் முடிந்ததும் வெளியே போவார்கள். நாங்கள் இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போனதால், மும்பையில் மாறும் விமானமாக இருந்தாலும், கட்டணம் நான் பயந்த அளவுக்கு இல்லை.

13ஆம் தேதி காலையில் வந்து இறங்கியவர்களை மதியமே அடாலஜ் படிக்கிணற்றுக்கு அழைத்துச் சென்றேன். அகமதாபாதிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இந்தக் கிணற்றைப் பற்றி ஆலைக்காரர்கள் பலமுறை சொல்லியிருந்தும், இருபது தடவைக்கு மேல் அந்த ஊருக்குப் போய் வந்திருந்தும், நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அகமதாபாத் என்பது விமான நிலையம், நாரோல், ஓட்டல் ஆகிய மூன்றையும் இணைக்கும் ஒரு சாலை மட்டுமே. 1499இல் ராணி ரூடாபாய் கட்டி முடித்ததாகச் சுவரில் இருக்கும் சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்லும் இந்தக் கிணறு ஐந்து தளங்கள் ஆழத்துக்கு இறங்குகிறது. மூன்று பக்கத்திலிருந்து இறங்கும் படிகள் முதல் தளத்தில் ஒன்று கூடுகின்றன. அங்கிருந்து தூண் தூணாகக் கீழே போகப் போக வெளிச்சம் குறைந்து காற்று குளிர்கிறது. தண்ணீர் இறைக்க வந்த பெண்கள் வெயில் நேரத்தில் இங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று என் மனைவி சொன்னாள். நான் பேசாமல் ஆழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பம்புக்காரன் பார்வை அப்படித்தான் போகும்: தண்ணீரை மேலே தூக்குவதற்கு நாங்கள் இத்தனை பாடுபடுகிறோம், இவர்களோ மனிதனைத் தண்ணீரிடம் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் நான்கு படி கூடக் குறைய இறங்கினால் போதும். கோவையைச் சுற்றி ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுக் காற்று வாங்கும் மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பா, இதுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடுவீங்க?" என்று கேட்டாள் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனாலும் தளத்துக்குப் பதினைந்து அடி என்று வைத்து நான் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டும் இருந்தாள். என் வேலையைப் பற்றி நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

அன்று இரவு மானேக் சௌக்கில் சாப்பிட்டோம். காலையில் காய்கறிச் சந்தையாகவும் பகலில் தங்க வெள்ளிக் கடைத்தெருவாகவும் இருக்கும் அதே இடம் இரவில் சாப்பாட்டுக் கடைகளாக மாறிவிடுகிறது. வரும் வழியெல்லாம் பட்டக் கடைகள். நூலில் கண்ணாடித் தூள் பசையைத் தடவி மாஞ்சா போடுகிறவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தெருவோரம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரு சக்கர வண்டிகளின் முன்னால் வளைத்துக் கட்டிய கம்பி எதற்கு என்று என் மகன் கேட்டான்; அறுந்து தொங்கும் மாஞ்சா நூல் ஓட்டுகிறவரின் கழுத்தை அறுத்துவிடாமல் இருக்க என்று ஆட்டோக்காரர் சொன்னதும், ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தவன் தன் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டான்.

14ஆம் தேதி எங்களை வீட்டுக்கு அழைத்தவர், அந்தச் சாய ஆலையில் இயந்திரப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவர். ஆறு ஆண்டுகளாகப் போனில் சண்டை போட்டுப் பழகியவர். பழைய நகரத்தில் 'போள்' என்று சொல்லப்படும் குறுகிய சந்து ஒன்றில், செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள் தாங்கும் நூறாண்டுப் பழைய வீடு அவருடையது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். காலை ஏழு மணிக்கே மொட்டை மாடியில் மூன்று தலைமுறை கூடியிருந்தது. கரும்பும் கடலை மிட்டாயும் எள்ளு மிட்டாயும் இலந்தைப் பழமும் தட்டில் இருந்ததைப் பார்த்ததும் என் மனைவிக்குத் தைரியம் வந்து, பெட்டியிலிருந்த அரிசியையும் வெல்லத்தையும் எடுத்து நீட்டினாள். மொழி தெரியாத மூன்று பெண்கள் கைச்சாடையிலேயே பேசி முடித்து, மாடிக்கே ஒரு கேஸ் அடுப்பை ஏற்றிவிட்டார்கள். பித்தளைப் பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தபோது என் மகன் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினான், அதே நேரத்தில் பக்கத்து மாடியில் யாரோ எங்கள் பட்டத்தை அறுத்துவிட்டு "காய்ப்போ சே!" என்று கத்தினார்கள். அந்தத் தெரு முழுக்க மாலை வரைக்கும் அந்தக் கூச்சல் ஓயவில்லை. மதியம் சேனை, கத்தரிப்பிஞ்சு, அவரை என்று கண்ட காய்களையெல்லாம் ஒன்றாக வேகவைத்த உந்தியூவும் ஜிலேபியும் போட்டார்கள். சர்க்கரைப் பொங்கலை அவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்களா, மரியாதைக்குச் சாப்பிட்டார்களா என்பது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினொன்றரை மணிக்கு என் கைபேசி அடித்தது. அனுப்பிவிட மனம் வராத அதே கைபேசி. குஜராத்தில் உத்தராயணம், மகாராஷ்டிரத்தில் சங்கராந்தி, திருப்பூரில் பொங்கல் என்று எல்லா வாடிக்கையாளர்களையும் அடைத்துவிட்டதாக நினைத்திருந்த நான், வங்கதேசத்தை மறந்திருந்தேன். நாராயண்கஞ்சில் இருக்கும் ஓர் ஆலையிலிருந்து, பம்பு அதிர்கிறது என்று அழைத்தார்கள். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை; பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. உறிஞ்சு குழாயின் வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதை 16ஆம் தேதி பேசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். பின்னால் கேட்கும் கூச்சல் என்ன என்று அவர் விசாரித்தார். பட்டம் என்றேன். பழைய டாக்காவிலும் இன்று சாக்ராய்ன், அங்கேயும் மாடி மாடியாகப் பட்டம்தான், தனக்குத்தான் ஷிப்ட் மாட்டிக்கொண்டது என்று அவர் சிரித்தார். நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அரை மணி நேரத்தில் வடிகட்டியில் சிக்கியிருந்த துணிக்கழிவின் படம் ஒன்று வந்தது. அதன் பிறகு கைபேசியை அணைத்து என் மகளிடம் கொடுத்துவிட்டேன்.

15ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில் காலை முழுவதையும் கழித்தோம். 1930 மார்ச் 12 அன்று காந்தி தண்டிக்குக் கிளம்பிய அந்த வாசலிலிருந்து ஆற்றைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளில் சபர்மதியை நான் காரின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. மாலையில் மறுபடியும் அதே மாடி, அதே பட்டம். என் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த இரண்டு கோடுகள்.

16ஆம் தேதி காலையில் ஆலைகள் திறப்பதற்குள் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம். கோவையில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக உடுமலைப் பக்கம் காரைத் திருப்பச் சொன்னாள் என் மனைவி. போய்ச் சேர இருட்டிவிட்டது. பட்டியில் மாடுகள் மூன்றும் நீலமும் சிவப்புமாகக் கொம்புகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டு நின்றன. நான்காவது மாட்டின் கொம்புகள் வெறுமையாக இருந்தன. அதன் பக்கத்துத் திண்ணையில் வர்ண டப்பாவும் தூரிகையும் இருந்தன. "இதை எம் பேரனுக்குன்னு விட்டு வெச்சிருக்கேன், கை கழுவிட்டு வரச் சொல்லு" என்றார் அம்மா.