கழுவிய தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலத்துக்கு மாறியவன் நான். வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் கலங்கி அடியில் படிவது எனக்கு வீழ்படிவு. புத்தகத்தில் பிரெசிபிடேட். பக்கத்து பெஞ்சில் மலையாளத்தில் அவக்ஷிப்தம். பெயர் மூன்றானாலும் சோதனைக் குழாயின் அடியில் படிவது ஒன்றுதான் என்று பிடிபட்டதும், கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் மேல் இருந்த பயம் பாதி போனது.

மீதிப் பயம் ஒரு தப்பு செய்த பிறகுதான் போனது. மாடல் தேர்வில் வெள்ளை உப்பு ஒன்று வந்தது. கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டேன், வெள்ளையாகக் கலங்கியது. குளோரைடு என்று எழுதிவிட்டேன். அது சிங்க் சல்பேட்.

டீச்சர் திட்டவில்லை. "குழாயை எதுல கழுவுன? அந்தத் தண்ணியை மட்டும் எடுத்து ரெண்டு சொட்டு விட்டுப் பாரு" என்றார். விட்டேன். அதுவும் கலங்கியது! எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் இருந்த குளோரைடைத்தான் நான் உப்பின் தலையில் கட்டியிருக்கிறேன்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் உப்பே போடாமல் அதே சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள். உண்மையான குளோரைடு உப்பு என்றால் வெறும் கலங்கலாக நிற்காது, தயிர் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக வரும். திட உப்பில் அடர் கந்தக அமிலம் விட்டால் நெடியோடு புகை கிளம்பும். அம்மோனியம் ஹைட்ராக்சைடில் நனைத்த கண்ணாடிக் கோலை அருகே காட்டினால் அடர்ந்த வெண்புகை. அன்று எனக்கு அந்தப் புகை வரவே இல்லை. அதை அப்போதே மதித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சில்வர் நைட்ரேட்டுக்கு முன் கரைசலை நைட்ரிக் அமிலத்தால்தான் அமிலமாக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் எந்த உப்பும் குளோரைடாகத்தான் தெரியும்.

வாயுக்களில் ஏமாற்றுவது சுண்ணாம்பு நீர். கார்பன் டை ஆக்சைடு மட்டுமல்ல, சல்பர் டை ஆக்சைடும் அதைப் பாலாக்கும். அமிலம் சேர்த்த டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் காட்டுங்கள். பச்சையானால் சல்பர் டை ஆக்சைடு.

எனக்கு மிகவும் பிடித்தது லெட், அதாவது ஈயம். பொட்டாசியம் அயோடைடு விட்டதும் மஞ்சள் வீழ்படிவு. கொஞ்சம் தண்ணீர் சேர்த்துச் சூடாக்கினால் கரைந்து நிறமற்றுப் போகும். அப்புறம் சோதனைக் குழாயின் வெளிப்புறத்தைத் தண்ணீர்க் குழாயடியில் காட்டுங்கள். ஒரு நிமிடத்தில் பொன் துகள்கள் மினுமினுத்துக்கொண்டே இறங்கும். அதைப் பார்த்தவர்களுக்கு லெட் மறக்காது.

நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையில் அவசரம் ஆகாது. ஃபெரஸ் சல்பேட்டை அப்போதே கரைத்து எடுங்கள். பழையது காற்றில் கெட்டிருக்கும். புதிய கரைசலை உப்புக் கரைசலோடு சேர்த்து, குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள். ஆட்டினால் வளையம் கலைந்துவிடும், அதற்குள் தேர்வாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.