பின்வரிசை எம்.பி.க்காக உப்பளக் கேள்வி ஒன்றைத் துரத்திய அனுபவம்

தொலைக்காட்சியில் மக்களவையைப் பார்ப்பவர்களுக்கு முன்வரிசைதான் தெரியும். நான் உதவியாளராக வேலை பார்த்தது பின்வரிசையில் உட்காரும் எம்.பி. ஒருவரிடம். முதல்முறை வென்றவர். அவருடைய கட்சிக்கு அவையில் சில இடங்கள்தான். கடலோரத் தொகுதி, உப்பளங்கள் அதிகம். உப்பளத் தொழிலாளர்களின் கண், கால், மழைக்கால வருமானம் என்ற மூன்று விஷயங்களை நாடாளுமன்றத்தின் காதில் போட்டு, எழுத்தில் பதில் வாங்க நாங்கள் போன வழியை இங்கே சொல்கிறேன். எம்.பி. எத்தனை நிமிடம் பேசினார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும் என்பது என் ஆசை.

தொடக்கம் கேள்வி. சிறிய கட்சி உறுப்பினருக்கு யார் தயவும் இல்லாமல் கிடைக்கும் ஆயுதம் அதுதான். விவாதத்தில் பேச, கட்சி பெயர் கொடுக்கவேண்டும். கேள்விக்கு அது தேவையில்லை. மக்களவையில் ஒருவர் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக. எந்த அமைச்சகத்துக்கு வாரத்தில் எந்த நாள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். குலுக்கலில் தேறும் 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வாய்மொழிப் பதிலுக்குப் போகும்; 230 கேள்விகளுக்கு எழுத்துமூலம் பதில் வரும். நட்சத்திரக் கேள்வி என்றால் கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் கிடைக்கும். ஆனால் பட்டியலில் பதினைந்தாவது, பதினாறாவது இடம் வந்தால், பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில் முறை வராது.

ஒரு கேள்வி சாதாரணமாக 150 வார்த்தைகளைத் தாண்டக்கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் வராத விஷயம் என்றால் தள்ளுபடி. இந்த இடத்தில்தான் எங்களுக்கு வேலை அதிகம். தொழிலாளர் நலன் என்று பொதுவாக எழுதினால், 'இது மாநில அரசு பார்க்கவேண்டியது' என்று கையைக் கழுவிவிட வாய்ப்புண்டு. எனவே அரசியலமைப்பைப் பிடித்துக்கொண்டோம். ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 58-வது இனம் உப்பு. அதன் உற்பத்தியையும் வழங்கலையும் ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் பொறுப்பு. உப்பு ஆணையரின் தலைமையகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. அது வரும் இடம் வணிகம், தொழில் அமைச்சகம். தொழிலாளியோ வேறு அமைச்சகத்தின் ஆள். ஆகவே ஒரே விஷயத்தை இரண்டு கேள்விகளாக வெட்டி, இரண்டு அமைச்சகங்களுக்கும் அவரவர் நாளில் கொடுத்தோம். இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிடுவார்.

கேள்விக்கான சரக்கு டெல்லியில் கிடைக்கவில்லை. எம்.பி. என்னைத் தொகுதிக்கு அழைத்துப் போனார். "தம்பி, நூலகத்துல உக்காந்து எழுதாதே, பாத்தியில கொஞ்ச நேரம் நின்னு பாரு" என்றார். நின்றேன். வெயில் மேலிருந்து ஒரு பக்கம், உப்பின் வெள்ளை கீழிருந்து ஒரு பக்கம். கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்பாரத்தில் உப்புக் கொட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா தன் பாதத்தைக் காட்டினார். வெடிப்புகளுக்குள் உப்பு இறங்கி ஆறாமல் இருந்தது. "கால் எரிச்சல் பழகிப்போச்சு தம்பி. சாயங்காலம் வீட்டுக்குப் போனா ஊசியில நூல் கோக்க முடியல, அதுதான் பயமா இருக்கு" என்றார். கண் டாக்டர் யாராவது இங்கே வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்து யாரும் வந்ததில்லை. கண் பரிசோதனை முகாம் எத்தனை, மாவட்டவாரியாக எங்கே, கடந்த மூன்று ஆண்டுகளில் எப்போது என்ற எங்கள் கேள்வி அங்கேதான் பிறந்தது.

பதில் வந்தது: "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்."

இதைப் பார்த்து நிறையப் பேர் சோர்ந்துபோவார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அவையில் இப்படிச் சொன்னால் அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அவற்றைக் கண்காணிக்கவே 15 பேர் கொண்ட அரசு உறுதிமொழிக் குழு மக்களவையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்கவேண்டும். நாங்கள் உறுதிமொழி எண்ணைக் குறித்துவைத்து, கெடு முடியும்போதெல்லாம் குழுவுக்குக் கடிதம் எழுதினோம். அவகாசம் வாங்கி, மறுபடி அவகாசம் வாங்கி, கடைசியில் மாவட்டவாரியான பட்டியல் வந்தேவிட்டது. பல கட்டங்கள் காலியாக இருந்தன. முகாம் நடக்கவில்லை என்பதற்கு அந்தக் காலிக் கட்டங்களே அரசு கையொப்பமிட்ட சாட்சி.

கேள்வியின் பலத்தைச் சந்தேகிப்பவர்களுக்கு 1957-ஐ நினைவூட்டுவேன். ஆளுங்கட்சிப் பின்வரிசையில் இருந்த பெரோஸ் காந்தி, எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டது பற்றி அவையில் எழுப்பினார். விசாரணை ஆணையம் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பேசியவர் அமைச்சர் அல்ல, எதிர்க்கட்சித் தலைவரும் அல்ல.

விவாதத்துக்கு வருகிறேன். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப நேரம் பிரிக்கப்படும். எங்களுக்கு எட்டு நிமிடம் என்றார்கள், மாலையில் அது ஐந்தானது, எழுந்து நின்றபோது மூன்று. எம்.பி. தமிழில்தான் பேசுவார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்னதாகவே சொல்லிவைக்கவேண்டும். வேகமாகப் படித்தால் அவர்களால் தொடர முடியாது. எனவே உரையை எழுதும்போதே, எந்த நொடியில் மணி அடித்தாலும் அதுவரை சொன்னது தனியாக நிற்கும்படி எழுதினேன். கோரிக்கை முதலில், காரணம் பிறகு, நன்றி எல்லாம் கடைசியில். ஊசி, நூல் பற்றி அந்த அக்கா சொன்னதைத்தான் அவர் முதல் வாக்கியமாக வைத்தார். பக்கத்து இருக்கைகளில் பேச்சு நின்றது என்று மாடத்தில் இருந்த நண்பர் சொன்னார்.

உறுப்பினர்கள் ஒரு விஷயத்தை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் மக்களவை நடைமுறை விதி 377-ன் கீழும் ஒருமுறை கொடுத்தோம். 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கவேண்டும். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா பக்கம் நாங்கள் போகவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும்தான் அதற்கு நேரம். 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. ஆனாலும் அதை வீண் என்று சொல்லமாட்டேன். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டாவிட்டாலும், அதன்பின் அரசே தன் மசோதாவைக் கொண்டுவந்தது.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது நிலைக்குழு வேலையை. துறை சார்ந்த குழுக்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அங்கே கேமரா கிடையாது, இப்படித்தான் வாக்களிக்கவேண்டும் என்ற கட்சிக் கொறடா உத்தரவும் கிடையாது. அமைச்சர் வரமாட்டார், துறைச் செயலாளர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார். அவையில் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்கு அவை கேட்கும் பணம், கடைசி நாளில் விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடும். ஆகவே அந்தப் பணத்தைப் பற்றி வரிக்கு வரி கேட்க இருக்கும் இடம் நிலைக்குழுதான்.

உதவியாளர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் வெளியே காத்திருப்போம். என் வேலை முதல்நாள் இரவே முடிந்திருக்கவேண்டும். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்ற மூன்று பத்திகளை வைத்துக்கொண்டு, எங்கே ஒதுக்கிய பணம் செலவாகாமல் குறைந்தது என்று தேடுவேன். அதைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அடித்துத் தருவேன். 'இந்தத் திட்டத்தின் நோக்கம் என்ன' என்று கேட்டால் செயலாளர் பத்து நிமிடம் அழகாகப் பேசுவார். 'டிசம்பர் வரை எவ்வளவு செலவானது, மீதி ஏன் நின்றது' என்று கேட்டால் பேச்சு சுருங்கி எண் வரும். எண் கையில் இல்லாவிட்டால் எழுத்துமூலம் தரவேண்டும், அது அறிக்கைக்குள் வரும்.

குழுவின் வரைவு அறிக்கையை ஏற்கும் கூட்டத்துக்குப் பலர் அக்கறை காட்டுவதில்லை. எங்கள் எம்.பி. தவறாமல் போவார். உப்பளத் தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனையும் பாதுகாப்புக் கருவிகளும் வேண்டும் என்ற பரிந்துரை அப்படித்தான் அறிக்கையில் ஏறியது. எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை என்பது அறிக்கையிலேயே தெரிந்தது, உடன்படாத உறுப்பினர் எழுதும் மாறுபட்ட குறிப்பு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் மசோதாக்கள் குழுவுக்குப் போகாமல் நிறைவேறும்போது எனக்கு வயிறு எரிகிறது. 15-வது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின; 17-வது மக்களவையில் 16 விழுக்காடுதான்.

பரிந்துரைக்கு அரசு மூன்று மாதத்தில் பதில் சொல்லவேண்டும். அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறோம் என்று சொன்னார்கள். குழு அதை இடைக்காலப் பதில் என்ற பகுதியில் சேர்த்தது. அதாவது விஷயம் மூடப்படவில்லை. அதற்குள் ஆண்டு முடிந்து குழுக்கள் மாற்றி அமைக்கப்பட்டன, எங்கள் எம்.பி. வேறு குழுவுக்குப் போய்விட்டார். குஜராத்தின் ரண் பகுதியிலும் அகரியா மக்களுக்கு இதே தொழில், இதே கண், இதே கால். ஆகவே அந்த மாநிலத்தைச் சேர்ந்த, எதிர்வரிசைக் கட்சி உறுப்பினர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். கேள்வி எண், உறுதிமொழி எண், காலிக் கட்டங்கள் உள்ள பட்டியல், அறிக்கையின் பத்தி எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுத்தோம். அடுத்த கூட்டத்துக்கு முன் அவருடைய உதவியாளர் எனக்கு போன் செய்து, மாவட்டவாரிப் பட்டியலின் மூலப்பிரதி வேண்டும் என்று கேட்டார். அன்று மாலையே அனுப்பிவைத்தேன்.