ஆர்எக்ஸ் 100: கிராங்கை நேராக்காமல் இன்ஜினை மூடாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100 (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து போகிற டூ ஸ்ட்ரோக் பைக்) இன்ஜின் பிரிக்கிற நண்பர்களுக்கு. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு கிட் மாற்றிய பிறகு ஃபுட்ரெஸ்ட் முன்னைவிட அதிகம் நடுங்கினால், முதல் சந்தேகம் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மேல்தான் வரணும்.

கிராங்கின் இரண்டு வெயிட்டையும் (ராடுக்கு இருபுறமும் உள்ள கனமான வட்டுகள்) இணைக்கிற பழைய பின்னை பிரஸ்ஸில் தள்ளும் முன்பே இரண்டு வெயிட்டின் விளிம்பிலும் குறுக்காக ஒரு கோடு கீறி வையுங்கள். புதுப் பின் ஏற்றும்போது அதுதான் வழிகாட்டி. ராடுக்கு இருபுறமும் வாஷர் கட்டாயம். பிறகு பேரிங் உட்காரும் இடங்களை வி பிளாக்கில் (V வடிவத் தாங்கி) வைத்து, கிராங்கின் இரு முனையிலும் டயல் கேஜ் (சிறு ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். முள் ஆட்டம் 0.03 மி.மீ. தாண்டக்கூடாது. முனைகள் எதிரெதிராக ஏறி இறங்கினால் வெயிட் பின்னில் திரும்பியிருக்கிறது: செப்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி அளவு. இரண்டும் ஒரே பக்கம் ஏறினால் வெயிட்டுகள் விரிந்தோ நெருங்கியோ இருக்கின்றன. வைஸில் இறுக்கணும், அல்லது ஆப்பு வைத்து விரிக்கணும். எவ்வளவு நேரம் ஆனாலும் இங்கே அவசரப்படவே வேண்டாம்.

பெரிய போர் (சிலிண்டர் துளை) பிஸ்டன் போடுகிறவர்கள் பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின் மூன்றையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பழைய செட்டோடு ஒப்பிடுங்கள். எடை கூடினால் பேலன்ஸ் மாறும். அதற்காகக் கண்ணளவில் கிராங்க் வெயிட்டில் ஓட்டை போடுவது பெரிய தப்பு.

கிராங்கின் இருபக்க ஆயில் சீல் இரண்டும் புதிதாகப் போடுங்கள். மேக்னெட் பக்கம் காற்று இழுத்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயில் உள்ளே போய்ப் புகையாகும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி கியரிலேயே இறங்கினால் ராடின் பெரிய முனை பேரிங்குக்கு (கிராங்க் பின் பக்கம்) ஆயில் போதாது. அவ்வப்போது ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிக் கொடுங்கள்.